மேலொரு ரூபா

அந்தச் சீட்டிலே இரண்டு தொகைகளுக்கு இடம் இருந்தது. முதலாவதைக் கொழும்பிலிருந்த கடன் சபையே அச்சடித்து அனுப்பியிருந்தது: தவணைப் பணம் ரூபா நூற்றிருபது. அதற்குக் கீழே ஒரு வெறும் கட்டம். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அடியில், அச்சுத் தேய்ந்த சின்னத் தமிழெழுத்தில், 'செலுத்திய தொகை: கட்டுபவர் தம் கைப்பட எழுதுக' என்று ஒரு கட்டளை.

கட்டவேண்டிய காசை மேலே அச்சடித்துவிட்டுக் கட்டிய காசைக் கீழே எழுதச் சொல்வது எதற்காக? பலாலி வீதியிலே திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டி வடக்கே கிடக்கும் செம்மண் ஊர்களுள் ஒன்றில், 1974ஆம் ஆண்டு, கூட்டுறவுச் சங்கத்துக் காசுமேசைக்கு முன்னால் அந்தச் சீட்டோடு நின்றவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி இது. மேசைக்குப் பின்னால் இருந்த சோமசேகரம் ஒருவருக்கேனும் மறுமொழி சொல்லாமல் விட்டதில்லை.

“மேலை கிடக்கிறது அவங்கள் கேக்கிறது. கீழை எழுதிறது நீர் குடுத்தது. கேட்டதும் குடுத்ததும் ஒண்டோ? நாளைக்கு ஆரும் வந்து நீர் கட்டேல்லை எண்டு சொன்னால், உம்மடை கையெழுத்துத்தான் எழும்பி நிண்டு சாட்சி சொல்லும்.”

சோமசேகரத்துக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. கொழும்பிலே அரசாங்கக் கந்தோரொன்றில் பதினாறு வருடம் கிளாக்கராக இருந்தவர். சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்து, தேர்ச்சிப் பரீட்சை எழுதாதவனுக்குச் சம்பள உயர்ச்சி இல்லை என்று சுற்றறிக்கையும் வந்தபோது, கூட இருந்தவர்களுள் பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே அரிச்சுவடி வாங்கினார்கள். சோமசேகரம் வேலையை எறிந்துவிட்டு ரயில் ஏறினார். அந்த மொழியிலே தமக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பதை, மற்றவர்கள் பட்டத்தைச் சொல்லிக்கொள்வதுபோல அவர் சொல்லிக்கொள்வார். அதற்காக அவரை எவரும் குறைகூற முடியாது. தன் நாட்டிலேயே தன் மொழியைப் பேசியதற்காக ஒருவன் தண்டம் கட்டவேண்டியிருந்த காலம் அது. அவர் அந்தத் தண்டத்தைத் தம் சம்பளத்தால் கட்டினார்.

அவருக்கு முன்னர் அந்த மேசையில் இருந்தவர் பொன்னம்பலம். இளகிய மனிதர். அவர் காலத்திலே செலுத்திய தொகைக் கட்டத்தை ஒருவரும் எழுதியதில்லை. எல்லாவற்றையும் அவரே எழுதிவிடுவார். அவர் ஓய்வுபெற்றுப் போன மாசி மாதத்திலே சோமசேகரம் வந்து பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். நூறு சீட்டின் கட்டத்திலும் ஒரே கையெழுத்து. அன்றைக்கே பொன்னம்பலத்தைத் தம் மனத்துள் கள்ளர் வரிசையிலே நிறுத்திவிட்டார்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டைவிட்டு வெளியே போகும் காசு சைபரில் முடியக்கூடாது. அப்படி முடிந்தால் அது மொட்டைக் காசு. வீட்டையும் கூடவே மொட்டையடித்துக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. ஐம்பது கொடுக்கவேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்று கொடுப்பார்கள். கூலிக்காரனுக்கும், வண்டிக்காரனுக்கும், ஏன், காணி உறுதி எழுதும் நொத்தாரிசுக்கும் மேலொரு ரூபா உண்டு. சங்கத்திலே கடன் கட்டும்போதும் மேலொரு ரூபாவை வைப்பார்கள். பொன்னம்பலம் அதை எடுத்து, பின்னேரம் வீடு போகிற வழியில் வைரவர் கோயில் உண்டியலிலே போட்டுவிட்டு, சீட்டிலே அச்சடித்த தொகையை எழுதிவிடுவார். சபையும் மகிழ்ந்தது, வைரவரும் மகிழ்ந்தார்.

பங்குனி மாதத் தவணைக்குக் கனகாம்பிகை வந்தாள். கொழும்பிலிருந்த இயந்திரக் கடன் சபையிடம் தண்ணீர் இறைக்கும் மிசினுக்குக் கடன்பட்டவர்கள் அந்த ஊரிலே நால்வர். தவணையைச் சங்கத்திலே கட்டினால் சங்கம் அதைக் கொழும்புக்கு அனுப்பிவிடும். அவளுடைய புருஷன் நாகலிங்கம் அந்த நால்வருள் ஒருவன். மிசின் வந்த இரண்டாம் வருடம், ஒருமுறை சில்லறை இல்லையென்று மொட்டையாகவே தவணையைக் கட்டிவிட்டு வந்தான். பதினேழாம் நாள் நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டான். இரண்டையும் முடிச்சுப்போட்டு அவள் ஒருவரிடமும் கதைத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து மொட்டைக் காசு போனதுமில்லை.

பன்னிரண்டு பத்து ரூபாத் தாள்களையும் ஓர் ஒற்றை ரூபாவையும் மேசையில் வைத்தாள்.

“ஒரு ரூவா கூடக் கிடக்கு, பிள்ளை” என்றார் சோமசேகரம்.

“ஓம் அண்ணை. அது மேலொரு ரூவா. பொன்னம்பலண்ணை அதை வைரவற்றை உண்டியலிலை போட்டுவிடுவார்.”

“அவர் போட்டாரோ போடேல்லையோ, அது அவருக்கும் வைரவருக்கும் வெளிச்சம். இது காசுமேசை, உண்டியல் இல்லை. ஒண்டில் ரூவாவைத் திருப்பி எடும். இல்லையெண்டால் நூற்றிருபத்தொண்டு எண்டு எழுதும்.”

அவளுக்குப் பின்னால் இளையதம்பி நின்றான். அவனும் மிசின் கடன்காரன், அவளுடைய காணிக்கு மேற்கு வேலிக்காரன். “எடு பிள்ளை, எடு. போற வழியிலை நீயே வைரவருக்குப் போட்டுவிடு. நானும் உதுதான் செய்யிறன். கிளாக்கர் ஐயாவின்ரை சீட்டுக்கு விளங்காத கணக்கு வைரவருக்கு விளங்கும்.”

வரிசையிலே சிரிப்பு எழுந்தது.

“பகிடி விடுற இடமில்லை இது, இளையதம்பி.”

“பகிடி இல்லை ஐயா. வைரவர் தன்ரை சீட்டிலை கைப்பட எழுதச் சொல்லுறேல்லை. அதைத்தான் சொன்னன்.”

கனகாம்பிகை சிரிக்கவில்லை. “குடுத்த காசைத் திருப்பி எடுக்கேலாது அண்ணை” என்றாள். பேனாவை வாங்கி, கட்டத்துக்குள்ளே நூற்றிருபத்தொன்று என்று இலக்கத்திலும் எழுத்திலும் எழுதினாள். சோமசேகரம் அதற்கடியிலே தம் கையொப்பத்தை வைத்தார். அவருக்கு அவள்மீது ஒரு மதிப்பு உண்டாயிற்று. மற்ற மூன்று ஆண்பிள்ளைகளும் ரூபாவை மடியில் செருகிக்கொண்டு தப்பிப் போகிறார்கள். இவள் ஒருத்திதான் கொடுத்ததைக் கொடுத்தேன் என்று எழுதுகிறாள்.

“உப்பிடித்தான் எழுதவேணும். உள்ளதை உள்ளபடி எழுதினால் ஒருத்தரும் உம்மை ஒண்டும் கேக்கேலாது.”

வைகாசியிலே அவளுக்குச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீளக் கடிதவுறை, மேலே அரசாங்க முத்திரை. உள்ளே முழுவதும் சிங்களத்தில் தட்டெழுதியிருந்தது. அதைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

“என்னண்ணை எழுதியிருக்கு?”

சோமசேகரம் கண்ணாடியைச் சரிசெய்து கடிதத்தைப் பார்த்தார். அவருக்கு அதிலே வாசிக்கக்கூடியவை மூன்றே மூன்று: கடன் இலக்கம், திகதி, 121.00 என்ற தொகை. சந்தியிலே பாண் போடும் சிங்களவரிடம் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பார். அந்த மனிதர் நல்லவர், தமிழும் கதைப்பார். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் வேலையை எறிந்துவிட்டு வந்த ஒருவர் பேக்கரி வாசலிலே போய், ‘எனக்கு இதை வாசித்துக் காட்டுங்கோ’ என்று எப்படி நிற்பது? தொகை சரி, இலக்கம் சரி, முத்திரை இருக்கிறது. பிறகென்ன?

“காசு போய்ச் சேர்ந்ததுக்குப் பற்றுச்சீட்டு அனுப்பியிருக்கிறாங்கள். பத்திரமாய் வையும்.”

“முந்தி ஒருநாளும் வாறேல்லையே அண்ணை.”

“முந்தி ஒருநாளும் நீர் உம்மடை கையாலை எழுதேல்லையே. அதுதான் வராமல் இருந்தது.”

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் அதே முத்திரை, அதே 121.00. அவள் ஒவ்வொன்றையும் பஞ்சாங்கத்துக்குள்ளே மடித்து வைத்தாள். தை மாதம் முடிவதற்குள் ஏழு கடிதங்கள் சேர்ந்துவிட்டன. தவணைகள் பதினொன்றையும் நாள் தவறாமல் கட்டியிருந்தாள்.

அந்தத் தையிலேதான் ஆறு பரப்புக் காணியிலே வெங்காயம் வைத்தாள். அந்த வருடம் வெங்காயத்துக்கு நல்ல விலை. விதைவெங்காயம் வாங்குவதற்கு மகள் இராசமலருடைய இரண்டு சோடிக் காப்புகளை அடகுவைத்தாள். இந்த ஒரு போகம் கைகொடுத்தால் காப்பை மீட்டு, மிச்சத்திலே கல்யாணப் பேச்சையும் தொடங்கலாம் என்பது அவளுடைய கணக்கு. கைகொடுக்காவிட்டால் சித்திரையில் அடகு முழுகிவிடும். மழை விட்டபின் வெங்காயத்தின் உயிர் தண்ணீரில்தான். நாலு நாளைக்கு ஒருதரம் இறைக்கவேண்டும்; காய் பருக்கிற காலத்தில் ஓர் இறைப்புப் பிந்தினாலும் தாள் பழுத்துவிடும்.

வெங்காயத்துக்கு முப்பத்தெட்டாம் நாள், காலையில், ஒரு லொறி ஒழுங்கைக்குள் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி ஒரு கடதாசியைக் காட்டினார்கள். பதினொரு மாதத் தவணை நிலுவை. மிசினைப் பறிமுதல் செய்ய உத்தரவு. கனகாம்பிகை உள்ளே ஓடிப்போய்ச் சீட்டுகளின் அடிக்கட்டைகளையும் பஞ்சாங்கத்துக்குள்ளிருந்த கடிதங்களையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

“இஞ்சை பாருங்கோ, எல்லாம் கட்டியிருக்கிறன். நீங்கள் அனுப்பின பற்றுச்சீட்டுகள் இந்தா கிடக்கு!”

வந்தவர்கள் தமிழர், அவர்களும் கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் ஆளையாள் பார்த்தார்கள். லொறிச் சாரதி, வயதான ஒரு சிங்களவர், இறங்கி வந்து வாங்கிப் பார்த்தார். முதலாவதை வாசித்தார், பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அவர் முகம் மாறியது.

“அம்மா, இது காசு வாங்கின துண்டு இல்லை. ஏன் ஒரு ரூபா கூடக் கட்டினது எண்டு கேக்கிற கடதாசி. பதில் எழுதுங்க எண்டு ஏழு முறை கேட்டிருக்கு.”

மிசினைக் கழற்றி ஏற்றுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிணற்றடியிலே குழாய் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. துலா இருந்தாலாவது ஆளைப் பிடித்து இறைப்பிக்கலாம். மிசின் வந்த வருடமே துலாவை வெட்டி விறகுக்கு விற்றாயிற்று.

அவள் நேரே சங்கத்துக்கு வந்து, ஏழு கடிதங்களையும் காசுமேசையிலே வைத்தாள். சாரதி சொன்னதைச் சொன்னாள். சோமசேகரத்தைக் குற்றஞ்சாட்டி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, “என்ன செய்யிறது அண்ணை?” என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அந்தக் கேள்வி கன்னத்தில் விழுந்தது. மேசையைப் பூட்டினார்.

“நீர் வீட்டை போம் பிள்ளை. நான் யாழ்ப்பாணத்துக்குப் போட்டு வாறன். உண்மை எங்கடை பக்கம் இருக்கு.”

சபையின் யாழ்ப்பாணக் கிளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மாடியில் இருந்தது. அங்கே இருந்த அதிகாரி அடைக்கலநாதன், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், கோப்புகளுக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சோமசேகரம் அடிக்கட்டைகளை அவர் முன்னே விரித்தார்.

“தம்பி, பதினொரு தவணையும் கட்டியாச்சு. என்ரை கையொப்பம் ஒவ்வொண்டிலும் இருக்கு. நிலுவை எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?”

அடைக்கலநாதன் ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார். “காசு வந்தது எங்களுக்கும் தெரியும் அண்ணை. கொழும்பிலை கிடக்கு. கணக்கிலை ஏறேல்லை, அவ்வளவுதான்.”

“ஏன் ஏறேல்லை?”

“அங்கை சீட்டை இரண்டு கட்டாய்ப் பிரிப்பாங்கள். அச்சடிச்ச தொகையும் எழுதின தொகையும் ஒண்டெண்டால் ஒரு கட்டு. அது நேரே கணக்குக்குப் போகும். எழுதினது குறைவெண்டால் மற்றக் கட்டு. அது நிலுவைக்குப் போகும். இந்த மனிசி எழுதினது கூட. கூடக் கட்டினவைக்குக் கட்டில்லை அண்ணை. விளக்கம் வரும்வரைக்கும் ஒரு மூலையிலை போட்டு வைச்சிருக்கிறாங்கள்.”

“அப்ப என்னத்துக்கு அந்தக் கட்டத்தை அச்சடிச்சியள்? கட்டினதை எழுது எண்டு கேட்டியள். அவள் கட்டினதை எழுதினாள்.”

அடைக்கலநாதன் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே கெட்ட எண்ணம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. “நீங்கள் அதைச் சாட்சிக்கெண்டு நினைச்சியளோ? அது குறையக் கட்டுறவனைப் பிடிக்கிறதுக்கு வைச்ச கட்டம் அண்ணை. நூற்றிருபது கேட்ட இடத்திலை நூறைக் கட்டிப்போட்டு, பிறகு முழுக்கக் கட்டினனான் எண்டு சத்தியம் பண்ணுவான் பாருங்கோ, அவன்ரை வாயை அவன்ரை கையாலையே அடைக்கிறதுக்கு. கூடக் கட்டுற சனமும் உலகத்திலை இருக்கெண்டு அச்சடிச்சவனுக்குத் தெரியாது.”

சோமசேகரம் விரித்த அடிக்கட்டைகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினார். ஒரு வருடமாக ஊராருக்குத் தாம் சொல்லிவந்த விளக்கம், அந்தத் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்திலே செத்துக் கிடந்தது.

“இப்ப என்ன செய்யவேணும்?”

“சின்ன வேலை.” அடைக்கலநாதன் மேசை லாச்சியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். “இதிலை ஒரேயொரு வரி. 'தவறுதலாக ஒரு ரூபா கூடுதலாகச் செலுத்திவிட்டேன்'. கீழை மனிசி கையொப்பம் வைக்கட்டும், பக்கத்திலை நீங்கள் வையுங்கோ. இதுக்கெண்டு சிங்களத்திலை ஆயத்தமாய் ஒரு வசனம் இருக்கு, நான் இண்டைக்கே ரெலிபோனிலை சொல்லிப்போடுவன். அஞ்சு நாளிலை மிசின் கிணத்தடியிலை நிக்கும்.”

ஐந்து நாள். ஓர் இறைப்புத்தான் பிந்தும். அதை இளையதம்பியுடைய மிசினால் சமாளிக்கலாம். சோமசேகரத்துக்கு அது தெரியும். படிவத்தைக் கையிலெடுத்து அந்த வரியை வாசித்தார்.

“அவள் தவறுதலாய்க் கட்டேல்லைத் தம்பி. தெரிஞ்சுதான் கட்டினவள். பதினொரு முறையும் என்ரை கண்ணுக்கு முன்னாலை கட்டினவள்.”

“அது எனக்கும் உங்களுக்கும் தெரியும். கடதாசிக்குத் தெரியவேண்டாம்.”

“தவறு எண்டால், பதினொரு தவறுக்கும் கையொப்பம் வைச்சவன் நான் என்ன, கண்பொட்டையனோ? இல்லாத பிழையை இருக்கெண்டு நான் எழுதமாட்டன். நடந்ததை எழுதித் தாறன். அனுப்பிவையும்.”

“அண்ணை, அது தமிழிலை போனால் மொழிபெயர்க்கிறவன்ரை மேசைக்குப் போகும். அவன் எப்ப வருவானோ, எப்ப பாப்பானோ...”

“பாக்கட்டும். தமிழிலை எழுதிறதுக்கு எனக்கு உரிமை இருக்கு.”

உரிமை இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. அங்கேயே ஒரு மேசையோரத்தில் இருந்து மூன்று பக்கம் எழுதினார். மொட்டைக் காசு என்பது யாது, மேலொரு ரூபா எப்போது கொடுக்கப்படும், கட்டுபவர் அறிந்தும் மனமுவந்தும் அதைச் செலுத்தினார் என்பதற்குச் சான்று யாது என, பந்தி பந்தியாக, ஒரு சொல்லும் மிகாமல் குறையாமல் எழுதினார். கொழும்பை விட்டு வந்தபின் அவ்வளவு நல்ல கடிதம் ஒன்றை அவர் எழுதியதில்லை. பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, நெஞ்சு நிமிர்ந்து பஸ் ஏறினார்.

ஒரு வரிப் படிவத்தைப் பற்றிக் கனகாம்பிகையிடம் அவர் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று தீர்மானித்து மறைத்தாரோ என்றால், அப்படியும் இல்லை. அவளிடம் சொன்னால் அவள் உடனே, ‘தாருங்கோ அண்ணை, வைக்கிறன்’ என்பாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனாலே சொல்லவில்லை.

“உண்மையை எழுதிப் போட்டிருக்கிறன் பிள்ளை. இனி அவங்கள் மறுக்கேலாது.”

“கெதியிலை வந்திடுமோ அண்ணை?”

“வரும்.”

முதலாம் கிழமை இளையதம்பி தன் மிசினைக் கொண்டுவந்து இறைத்துக் கொடுத்தான். இரண்டாம் கிழமையும் ஒருமுறை கொடுத்தான். பிறகு மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. “என்ரை மிளகாயும் வாடுது பிள்ளை. நான் என்ன செய்ய?” என்றான். அவன்மீது குறையில்லை. தாயும் மகளும் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். ஆறு பரப்புக்கு இரண்டு பெண்களின் கைகள் எம்மட்டு? விடிய ஊற்றிய பாத்தி மத்தியானத்துக்குள் வெடித்துவிடும். இராசமலருடைய உள்ளங்கையிலே கயிறு அறுத்துப் புண்ணாகிவிட்டது.

சோமசேகரம் ஒன்றுவிட்டொருநாள் சைக்கிளில் போய் வரப்பிலே நிற்பார். முதலில் தாளின் நுனி மட்டும் மஞ்சளித்திருந்தது. பிறகு மஞ்சள் கீழே இறங்கியது. ஒருநாள் பார்த்தபோது பாத்தி முழுவதும் தாள் மடிந்து, யாரோ மிதித்துவிட்டுப் போனதுபோலக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக்குப் போய் அந்த ஒரு வரியில் கையொப்பம் வைத்துவிடவேண்டும் என்று எண்ணுவார். ஒவ்வொரு முறையும், கடிதத்துக்கு மறுமொழி நாளைக்கு வந்துவிட்டால் என்று மற்றோர் எண்ணம் வந்து முந்தியதை மறிக்கும். வைத்தால், பத்து நாளைக்கு முன்னரே ஏன் வைக்கவில்லை என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்தார். அந்தப் பயத்தை உண்மைமேல் கொண்ட பற்று என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

மிசின் பறிபோன இருபத்தாறாம் நாள் அது திரும்பி வந்தது. லொறியிலே அடைக்கலநாதனும் வந்திருந்தார். சோமசேகரம் அப்போது தோட்டத்தில் நின்றார். அடைக்கலநாதன் இறங்கிப் பாத்திகளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிக்கவேணும் அம்மா. மொழிபெயர்ப்பாளர் லீவிலை நிண்டிட்டார். அவர் வந்துதான் அலுவல் முடிஞ்சது.” பிறகு சோமசேகரத்தின் பக்கம் திரும்பி, ஒரு கடதாசியை நீட்டினார். “உங்கடை மூண்டு பக்கத்தையும் அவர் என்னெண்டு மொழிபெயர்த்திருக்கிறார் தெரியுமோ அண்ணை? ஒரே வரி. 'கடனாளி தவறுதலாக ஒரு ரூபா கூடுதலாகச் செலுத்தியுள்ளார்.' அவ்வளவுதான். அந்த வரியிலைதான் மிசினை விட்டாங்கள். அண்டைக்கே நான் தந்த படிவத்திலை கையொப்பம் வைச்சிருந்தால் இருபது நாளைக்கு முந்தியே இது இஞ்சை நிண்டிருக்கும்.”

கனகாம்பிகை மிசினைப் பார்க்கவில்லை, சோமசேகரத்தைப் பார்த்தாள்.

“என்ன படிவம் அண்ணை?”

அவர் சொன்னார். நின்ற இடத்திலே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அது பொய்யாக இருந்தது, அதனால் வைக்கவில்லை என்றார்.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

“பொய்க்குக் கையொப்பம் வையெண்டு உம்மட்டை எப்பிடிக் கேக்கிறது பிள்ளை?”

“ஆற்றை பொய்? ரூவா என்ரை. மிசின் என்ரை. வெங்காயம் என்ரை. காப்பு என்ரை பிள்ளையின்ரை. பொய் சொல்லுறதெண்டாலும் நானெல்லே சொல்லுறது? கடவுள் கேட்டால் நானெல்லே மறுமொழி சொல்லுறது? நீங்கள் ஆரண்ணை நடுவிலை?”

இராசமலர் தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்கோ அம்மா. ஐயா நல்லதுக்குத்தான் செய்தவர்.”

“ஓம். நல்லதுக்குத்தான்” என்றாள் கனகாம்பிகை. “அவர் நல்லவராய் இருக்கிறதுக்கு எங்கடை ஆறு பரப்பு.”

அன்று பின்னேரமே மிசினைப் பூட்டி இறைத்தாள். செத்த பயிருக்குத் தண்ணீர் விடுகிறாள் என்று இளையதம்பிகூடச் சிரிக்கவில்லை. பத்தாம் நாள் கிண்டியபோது வெங்காயம் சுண்டங்காய் அளவில் வந்தது. திருநெல்வேலிச் சந்தை வியாபாரி ஒரு பிடியை அள்ளிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதைக் கட்டித் தூக்கிற கூலிக்கே காணாது” என்று கையைத் தட்டிவிட்டுப் போனான். சித்திரையிலே காப்புகள் ஏலத்துக்குப் போயின. சோமசேகரம் தம் சேமிப்புப் புத்தகத்தோடு அடகுகடைக்குப் போனார். ஒரு சோடியைக்கூட எடுக்க அது போதவில்லை. இருந்ததை ஓர் உறையிலிட்டு அவள் வீட்டுக்குக் கொண்டுபோனபோது, படலைக்குள் விடாமலே, “காசு வேண்டாம் அண்ணை. உங்களட்டை நான் ஒண்டும் கடன் வாங்கேல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வைகாசி நடுவிலே சபையிலிருந்து காசுமேசைக்கு ஒரு கொடுப்பனவுச் சீட்டு வந்தது. கடனாளி கூடுதலாகச் செலுத்திய பதினொரு ரூபாவும் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும். தபாற் செலவு ஐம்பது சதம் அதிலே கழிக்கப்படும். மேலே அச்சடித்த தொகை, ரூபா பதினொன்று. கீழே வெறும் கட்டம்: பெற்றுக்கொண்ட தொகை, பெறுபவர் தம் கைப்பட எழுதுக.

கனகாம்பிகை வரிசையில் நின்று தன் முறைக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சோமசேகரம் ஒரு பத்து ரூபாத் தாளையும் ஓர் ஐம்பது சதக் குற்றியையும் எண்ணி வைத்தார். தபாற் செலவைச் சொன்னார். அவள் காசைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மேலே இருந்த பதினொன்றை விரலால் தொட்டாள்.

“கையிலை வாறது பத்தரை. என்னண்ணை எழுத? உள்ளதை எழுதட்டோ?”

அவள் குரலிலே ஏளனம் இல்லை. உண்மையாகவே கேட்டாள். பத்தரை என்று எழுதினால் இரண்டு தொகையும் பொருந்தாது. சீட்டு மூலைக்குப் போகும். கடிதம் வரும். பிறகு லொறி வரும். வரிசையிலே நின்றவர்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பதினொண்டெண்டு எழுதும் பிள்ளை” என்றார் சோமசேகரம்.

“சத்தமாய்ச் சொல்லுங்கோ, கேக்கேல்லை.”

“பதினொண்டெண்டு எழுதும்.”

அவள் குனிந்து, இலக்கத்திலும் எழுத்திலும், அவசரமில்லாமல் எழுதினாள். அவர் சீட்டை வாங்கி, கீழே தம் கையொப்பத்தை வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.